களி உருண்டைக்கு மயங்கிய காவிரி ராட்சசன்!

ஐம்பது கிலோவைத் தாண்டி வளரும் மீன் நம் காவிரியில் இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. அதைக் காப்பாற்ற நினைத்தவர்களே அதற்கு எப்படி வினையானார்கள் என்ற கதை இது.

தூண்டில் போடுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கைக்கு வந்து தப்பிய மீன்! "நேத்து ஒண்ணு மாட்டுச்சு பாரு... தக்கை முங்குன வேகத்துல கம்பே வளைஞ்சுபோச்சு. கரைக்கு வர்றதுக்குள்ள நரம்பை அத்துக்கிட்டுப் போயிடுச்சு." கேட்கிறவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அவரிடமும் அதே மாதிரி ஒரு கதை இருக்கும். தப்பிய மீன் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு கிலோ கூடும்.

ஆனால், கர்நாடகத்தின் சிவனசமுத்திரத்தில் இருந்து நம் ஒகேனக்கல் வரைக்கும் காவிரியில் தூண்டில் போட்டவர்களுக்கு மட்டும் அப்படிக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அங்கே நிஜமாகவே ஆளை இழுத்துக்கொண்டு போகும் மீன் இருந்தது. பெயர், மகசீர். அதிலும் முதுகில் திமில்போல மேடு கொண்ட மகசீர். உலகத்தில் காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர வேறெங்கும் இல்லாத மீன் இது.

கெண்டைக் குடும்பத்துப் பெரியண்ணன்

மகசீர் என்றதும் ஏதோ வெளிநாட்டு மீன் என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் கெண்டைக்கு இது பெரியண்ணன் முறை. கட்லா, ரோகு எல்லாம் சேர்ந்த அதே கெண்டைக் குடும்பம்தான். இமயமலை ஆறுகளில் ஓடும் தங்க நிற மகசீர், தக்காண ஆறுகளில் இருக்கும் நீலத் துடுப்பு மகசீர் என்று இந்தியாவில் பல வகை உண்டு. அவற்றில் உருவத்தில் மலைக்க வைத்தது காவிரியின் திமில் மகசீர்.

தடித்த உதடு, பெரிய பெரிய செதில்கள், வாய்க்குள் பல் கிடையாது. ஆனால், தொண்டைக்குள் அரைவைக்கல் மாதிரி பற்கள் உண்டு. நண்டு, நத்தை, சின்ன மீன், ஆற்றங்கரை மரத்தில் இருந்து விழும் பழம், விதை... எதையும் விடாது. நத்தை ஓட்டைக்கூட தொண்டைப் பல்லால் நொறுக்கித் தின்றுவிடும்.

தேங்கிய குளத்து நீரில் இது சுகப்படாது. பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீரும், அதை ஒட்டிய ஆழமான மடுவும் வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றில் புது வெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும். கூழாங்கல் நிறைந்த, தெளிந்த தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து முட்டையிடும். மெதுவாக வளரும், தாமதமாகத்தான் பருவத்துக்கு வரும். இந்த இரண்டு குணங்களும் அதன் கதையில் முக்கியம். ஒரு பெரிய மீனை இழந்தால் அந்த இடத்தை இன்னொன்று நிரப்ப பல வருடங்கள் ஆகும்.

அரிசி மூட்டையைவிட கனமான மீன்

மெட்ராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற ஆங்கிலேயர் 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டார். இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது எப்படி என்று சொல்லும் புத்தகம். அதற்குப் பிறகு மகசீரைத் தேடி இங்கே வராத வெள்ளைக்காரத் தூண்டில்காரர் இல்லை என்கிற அளவுக்கு அந்த மீன் பிரபலமானது. தங்கள் ஊர் சால்மன் மீனோடு அதை ஒப்பிட்டு, 'எது அதிக பலசாலி' என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

1946ல் மைசூருக்குப் பக்கத்தில் கபினி ஆற்றில் அந்த வாதத்துக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் மீன் ஒன்று சிக்கியது. பிடித்தவர் டி வெட் வான் இங்கன். வேட்டையாடிய விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றிருந்த மைசூர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த மகசீரின் எடை 120 பவுண்டு. அதாவது, சுமார் 54 கிலோ. கடையில் இருந்து தூக்கி வரும் 50 கிலோ அரிசி மூட்டையைவிட கனம்! தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் இன்றுவரை சாதனையாகப் பேசப்படுவது இதுதான்.

தோட்டா போட்ட காலம்

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆற்றில் அணைகள் எழுந்தன. கிருஷ்ணராஜ சாகர், மேட்டூர் அணைகள் ஏற்கெனவே 1930களில் வந்துவிட்டன, பிறகு கபினியிலும் அணை வந்தது. முட்டையிட மேலே ஏறும் மீனுக்கு வழி அடைபட்டது. போதாக்குறைக்கு தோட்டா போட்டு மீன் பிடிக்கும் பழக்கம் பரவியது. மடுவில் ஒரு வெடியைத் தூக்கிப் போட்டால் போதும். பெரியது, சின்னது, குஞ்சு, முட்டை என்று அந்த மடுவில் உள்ள அத்தனையும் செத்து மிதக்கும். மேலே மிதப்பதைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அடியில் அமிழ்ந்தது அமிழ்ந்ததுதான்.

பிரமாண்ட மகசீர் அநேகமாக முடிந்துபோன கதை என்றே பலரும் நினைத்தார்கள். 1970களின் கடைசியில், 'டிரான்ஸ் வேர்ல்டு ஃபிஷிங் டீம்' என்ற பெயரில் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் தூண்டிலோடு இந்தியா வந்தார்கள். காவிரியில் பெரிய பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். 'இன்னும் இருக்கிறது' என்ற செய்தி உலகம் முழுக்க உள்ள தூண்டில்காரர்களின் காதுக்குப் போனது.

பெங்களூரில் 1972ல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காத்தது. கர்நாடக அரசின் 'ஜங்கிள் லாட்ஜஸ்' நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்களை நடத்தியது. ஒரே ஒரு விதிதான் கறார். பிடித்த மீனை எடை பார், படம் எடு, திரும்ப ஆற்றில் விடு.

இதில் ஒரு நல்ல காரியம் நடந்தது. முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்கள் பலருக்கே முகாமில் வழிகாட்டி வேலை கிடைத்தது. எந்த மடுவில் மீன் படுக்கும், எந்தப் பாறைக்குப் பின்னால் இரை தேடும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. செத்த மீனை ஒரு முறைதான் விற்க முடியும். உயிரோடு இருக்கும் மீனைப் பிடிக்க வருடா வருடம் ஆள் வருவார்கள். இந்தக் கணக்கு புரிந்ததும் அவர்களே ஆற்றுக்குக் காவலர்கள் ஆனார்கள்.

ராகிக் களிதான் இரை!

இவ்வளவு பெரிய மீனைப் பிடிக்க என்ன இரை போட்டார்கள் தெரியுமா? நம் ஊர் ராகிக் களி! கேழ்வரகு மாவைப் பிசைந்து, வாசனைக்கு மசாலா சேர்த்து, வேகவைத்து, எலுமிச்சம்பழ அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உருண்டை பிடிப்பார்கள். அது தூண்டில் முள்ளை மூடியிருக்கும். உருண்டை இறுக்கமாக இருந்தால்தான் வேகமான தண்ணீரில் கரையாது. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் மசாலாவில் ஒரு ரகசியம் உண்டு. குழம்புப் பொடி விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பக்குவம் இருப்பதுபோல!

உருண்டையை நீரோட்டத்தில் வீசிவிட்டுப் பாறை மேல் உட்கார வேண்டியதுதான். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. சின்ன மீன்கள் உருண்டையைக் கொத்திக் கொத்திப் பார்க்கும். மகசீர் வந்துவிட்டால் கொத்தல் எல்லாம் கிடையாது. ஒரே இழுப்பு. ரீலில் இருந்து நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும். நேராகப் பாறை இடுக்கைப் பார்த்து ஓடி, நரம்பைக் கல்லில் உரசி அறுக்கப் பார்க்கும். கரையில் நின்று சமாளிக்க முடியாவிட்டால் பரிசலில் ஏறி மீன் போகும் திசையிலேயே போவார்கள். சில சமயம் ஒரே மீனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டு நடக்கும்.

கரை சேர்ந்ததும் மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுத்து, களைப்பு தீரும் வரை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிற்பார்கள். செவுள் சீராக அசையத் தொடங்கியதும் கையை விடுவார்கள். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கிவிட்டு மீன் போய்விடும்.

நல்லெண்ணத்தில் விட்ட குஞ்சுகள்

எல்லாம் நன்றாகப் போவதுபோலத் தெரிந்த நேரத்தில்தான் கதையின் திருப்பம்.

மகாராஷ்டிராவின் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணை 1970களில் இருந்தே மகசீர் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கவைத்து வந்தது. அழிந்துவரும் மீனை மீட்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். அங்கே பொரித்தவற்றில் முக்கியமானது நீலத் துடுப்பு மகசீர். அந்தக் குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் அனுப்பப்பட்டன. காவிரியிலும் விட்டார்கள். மகசீர் குறைந்த இடத்தில் மகசீரை விடுகிறோம், இதில் என்ன தப்பு?

தப்பு என்னவென்றால், அது வேறு மகசீர். அது காவிரியின் மீன் அல்ல.

அன்று அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீலத் துடுப்பு மகசீர் காவிரியில் நன்றாகவே பிழைத்துக்கொண்டது, பெருகியது. தூண்டில் போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். முன்பு நாள் முழுக்கக் காத்திருந்து ஒரு மீன் பிடித்தவர்கள் இப்போது நாலைந்து பிடித்தார்கள். 'ஆறு மீண்டுவிட்டது' என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால், பழைய வழிகாட்டிகள் மட்டும் ஒன்றைக் கவனித்தார்கள். மீன் நிறைய வருகிறது, சரி. அந்தத் திமில் மீன் எங்கே?

நோட்டுப் புத்தகம் சொன்ன உண்மை

கலிபோர் முகாமில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், எவ்வளவு எடை என்று எழுதிவைத்தார்கள். தூண்டில்காரர்களின் பெருமைக்காக எழுதிய கணக்கு இது. அதை விஞ்ஞானிகள் கையில் எடுத்தார்கள். பிரிட்டனைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை அலசினார்கள். 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் வேலை, 6,000க்கும் அதிகமான மகசீர்கள். எந்த அரசுத் துறையும் இப்படி ஒரு கணக்கெடுப்பை நடத்தியதில்லை.

முடிவு பளிச்சென்று இருந்தது. மீன்களின் எண்ணிக்கை வருடா வருடம் கூடியிருந்தது. சராசரி எடை குறைந்துகொண்டே வந்திருந்தது. கூடியதெல்லாம் வந்தேறி நீலத் துடுப்பு மகசீர். சொந்த மண்ணின் திமில் மகசீர் பதிவுகளில் அருகிக்கொண்டே போய், கடைசி வருடங்களில் எப்போதாவது ஒன்று என்ற நிலைக்கு வந்திருந்தது. அதிலும் சின்ன வயது மீன்களைக் காணோம். அதாவது, கிழவர்கள் மட்டும் மிச்சம், வீட்டில் குழந்தையே இல்லை!

அணை, மணல் அள்ளுதல், தோட்டா, கோடையில் வற்றும் நீர் எல்லாம் திமில் மகசீரை ஏற்கெனவே பலவீனமாக்கியிருந்தன. அந்த நேரத்தில் இடத்துக்கும் இரைக்கும் போட்டியாக வேறொரு மீனைக் கொண்டுவந்து இறக்கியது நிலைமையை மோசமாக்கியது என்பதே ஆய்வாளர்களின் கவலை.

பெயரே இல்லாத பிரபலம்

திமில் மகசீரைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னபோது ஒரு வினோதமான சிக்கல் வந்தது. உலகமே அறிந்த இந்த மீனுக்கு முறையான அறிவியல் பெயர் இல்லை! நீண்ட காலமாக ஒட்டிக்கொண்டிருந்த 'முசுல்லா' என்ற பெயர் உண்மையில் வேறொரு மீனுக்கு உரியது. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி கிடைக்காத கதைதான். பெயர் இல்லாத இனத்தை அழிவு அபாயப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

விடை, கேரளத்தில் இருந்தது. அங்கே சின்னாறு பகுதியில் ஓடும் பாம்பாற்றில் கிடைத்த சிறிய மகசீர்களைப் புதிய இனம் என்று 2007ல் இரண்டு ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் மீனியல் அறிஞர் ரமாதேவியைக் கௌரவிக்கும் விதமாக 'டோர் ரமாதேவி' என்று பெயரும் வைத்திருந்தார்கள். பாம்பாறு, நம் அமராவதியில் வந்து சேரும். அமராவதி, காவிரியில் கலக்கும்.

கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளரும் இடம்பெற்ற ஒரு குழு, தமிழ்நாட்டின் மோயாற்றில் இருந்து திமில் மகசீர்களைச் சேகரித்தது. உடலமைப்பையும் மரபணுவையும் பாம்பாற்று மீனோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டும் ஒன்றே! பாம்பாற்றில் கண்டறிந்த குட்டி மீனும் காவிரியின் ராட்சசனும் ஒரே இனம். 2018ல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக மோசமான அபாயக் கட்டத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது. அந்தப் பட்டியலின் அதே திருத்தத்தில் நீலத் துடுப்பு மகசீர், 'கவலைப்பட வேண்டாத' வகைக்கு மாற்றப்பட்டது.

தூண்டிலுக்குத் தடை... சரியா, தவறா?

இதற்கிடையே தூண்டில் முகாம்களுக்கு வேறொரு பக்கத்தில் இருந்து முடிவு வந்தது. முகாம்கள் இருந்த இடம் காவிரி வனவிலங்கு சரணாலயம். சரணாலயத்துக்குள் ஓர் உயிரைப் பிடிப்பது, பிறகு விட்டுவிட்டாலும், வன உயிரினச் சட்டப்படி வேட்டைதான் என்ற நிலைப்பாட்டை வனத்துறை எடுத்தது. 2010க்குப் பிறகு அந்தப் பகுதியில் தூண்டில் விளையாட்டு படிப்படியாக நின்றுபோனது.

தூண்டில்காரர்கள் கூடும் இடங்களில் இன்றும் சூடாக ஓடும் விவாதம் இது.

ஒரு தரப்பு சொல்கிறது: "நாங்க ஆத்துல இருந்தவரைக்கும் தோட்டா போட வந்தவன் பயந்தான். எங்களுக்குச் சோறு போட்ட மீன், அதனால காவல் காத்தோம். நாங்க போனதும் காவலும் போச்சு. மீன் குறைஞ்சதே எங்க நோட்டுப் புத்தகத்தால்தானே தெரிஞ்சது?"

இன்னொரு தரப்பு கேட்கிறது: "விளையாட்டுக்காக ஓர் உயிரோட வாயில முள்ளை மாட்டி ஒரு மணி நேரம் இழுத்தடிக்கிறது என்ன நியாயம்? சரணாலயத்துல மானுக்கு ஒரு சட்டம், மீனுக்கு ஒரு சட்டமா? வேற மீனைக் கொண்டுவந்து விட்டதை வரவேற்றதும் இதே தூண்டில்காரங்கதானே?"

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால், ஆற்றங்கரையில் வாழும் மக்களுக்கு அந்த மீன் உயிரோடு இருப்பதால் ஏதோ ஒரு பலன் இருந்தால்தான் அது பிழைக்கும் என்பதை இரு தரப்புமே மறுப்பதில்லை. அந்தப் பலன் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கர்நாடகத்தின் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பக்தர்கள் பொரி போட, பெரிய பெரிய மகசீர்கள் கூட்டமாக வந்து வாயைப் பிளக்கும். அங்கே வலை கிடையாது, தூண்டில் கிடையாது. சாமி மீன் என்ற ஒரே சொல்தான் காவல்.

மிச்சம் இருப்பது மோயாற்றில்

இன்று திமில் மகசீர் காவிரிப் படுகையில் துண்டு துண்டாகச் சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அவற்றில் முக்கியமான புகலிடம், நீலகிரியில் இறங்கி முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடாக ஓடி பவானிசாகரில் சேரும் மோயாறு. ஆழமான பள்ளத்தாக்கு, புலியும் யானையும் முதலையும் உள்ள காடு. மனிதர்கள் எளிதில் நுழைய முடியாததே மீனுக்குப் பாதுகாப்பு.

காவிரிக் கரையிலும் தமிழ்நாடு அரசு 2014ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தையும், 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தையும் அறிவித்தது. இவை காட்டைக் காக்கும். ஆனால், மீனுக்குத் தண்ணீரும் வேண்டும். நீர்மின் நிலையங்களுக்காகத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் ஆற்றில் நீர்மட்டம் ஏறி இறங்கினால், கூழாங்கல் இடுக்கில் இட்ட முட்டை காய்ந்துபோகும். காட்டுக்கு எல்லை போடலாம், ஓடும் தண்ணீருக்குப் போட முடியாது. மேலே என்ன நடக்கிறதோ அதுதான் கீழே வந்து சேரும்.

நம் ஊர் ஏரியிலும் இதே கதைதான்

'காவிரி ராட்சசனுக்கு நடந்தது நமக்கென்ன?' என்று கேட்டால், பக்கத்து ஏரியை எட்டிப் பார்த்தால் போதும். இன்று ஏரியில் தூண்டில் போட்டால் முதலில் மாட்டுவது பெரும்பாலும் ஜிலேபி மீன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மலிவான புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அது எங்கும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஆப்பிரிக்கக் கெளுத்தி. கண்டதையும் தின்று கொழுக்கும் இந்த மீனை வளர்க்க 2000ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது. ஆனாலும் ரகசியமாக வளர்ப்பதும், அதிகாரிகள் போய் அழிப்பதும் அடிக்கடி செய்தியாகிறது. பண்ணைக் குட்டையில் இருந்து ஒரு வெள்ளத்தில் தப்பி ஏரிக்கு வந்துவிட்டால் அயிரை, கெண்டை, குரவை எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது, நம் வீட்டு வரவேற்பறையில் இருந்தே கிளம்புகிறது. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கும் 'டேங்க் கிளீனர்' மீன். விரல் நீளத்தில் வாங்கியது முழ நீளத்துக்கு வளர்ந்ததும் தொட்டி போதாது. கொல்ல மனம் வராது. குழந்தைகளோடு போய்ப் பக்கத்து ஏரியில் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு வீடு திரும்புவார்கள். முள் கவசம் போர்த்திய அந்த மீனை நம் ஊர்ப் பறவையும் தின்னாது, மனிதரும் வாங்க மாட்டார்கள். மீனவர்களின் வலையைக் கிழிப்பதுதான் அதன் வேலை. வளர்க்க முடியாத தொட்டி மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுப்பதோ, தெரிந்தவர்களுக்குத் தருவதோதான் சரி.

தூண்டில் போடப் போகிறீர்களா?

* சரணாலயம், புலிகள் காப்பகம் உள்ளே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகவே கூடாது. சட்டப்படி குற்றம்.
* அணை, ஏரி, கண்மாய்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். மீன்வளத் துறையிடமோ குத்தகைதாரரிடமோ கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.
* மழைக்காலம் மீன்களுக்கு முட்டையிடும் காலம். வயிறு பெருத்த மீன் சிக்கினால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அது ஒரு மீன் அல்ல, ஆயிரக்கணக்கான மீன்.
* விடப்போகும் மீனை ஈரக் கையால் தொடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேல் உள்ள வழவழப்புப் படலம் உரிந்து, நோய் தொற்றிக்கொள்ளும்.
* அறுந்த நரம்பையும் முள்ளையும் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். கொக்கு, நாரை, ஆமை காலில் சுற்றினால் மரணம்தான்.
* ஒரு நீர்நிலையில் பிடித்த மீனை இன்னொன்றில் விடாதீர்கள். உயிருள்ள இரை மிஞ்சினாலும் ஏரியில் கொட்ட வேண்டாம்.
* பாசி படிந்த பாறையில் நின்று தூண்டில் வீச வேண்டாம். ஒகேனக்கல், அமராவதி, பவானிசாகர் பக்கம் முதலைகள் உண்டு. பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.
* என்ன மீன், எவ்வளவு நீளம், எந்தத் தேதி, எந்த இடம் என்று செல்போனிலேயே குறித்துவையுங்கள். கலிபோர் நோட்டுப் புத்தகம்போல அது என்றைக்காவது உதவும்.

மகசீரின் ஆயுள் நீளமானது. மோயாற்று மடு ஒன்றில் இன்று குஞ்சாக நீந்தும் திமில் மகசீர், இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் காலத்தில்தான் முழுசாக வளர்ந்து நிற்கும். அதற்குத் தேவையானது வெளியில் இருந்து கொண்டுவந்து கொட்டும் குஞ்சுகள் அல்ல. வெடிச் சத்தம் கேட்காத மடு, தடையில்லாமல் ஓடும் தண்ணீர், மழைக்காலத்தில் மேலே ஏற ஒரு வழி. இந்த மூன்றும் கிடைத்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். மனிதர்கள் தூண்டிலோடு வருவதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே காவிரியில் எதிர்நீச்சல் போட்டு வந்த மீன் அது.